விண்மீனின் உண்மையும் அளப்போனின் நேர்மையும்

தமிழில் ‘அளவை’ என்னும் சொல் இரு பொருளில் வழங்குகின்றது. நெல்லையும் நிலத்தையும் அளக்கும் கருவிக்கு அது பெயர். மெய்ப்பொருளை அறிதற்குரிய வாயிலுக்கும் அதுவே பெயர். காண்டல், கருதல், உரை என அளவைகளை வகுத்த தருக்க நூலாரும், அவற்றைப் பத்தாக விரித்துரைக்கும் மணிமேகலையும் இச்சொல்லை இரண்டாவது பொருளிலே ஆண்டனர். இரு துறைக்கும் ஒரே சொல் அமைந்தமை தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும், அளத்தலும் அறிதலும் எத்துணை நெருங்கியவை என்பதையும், அளப்போனின் ஒழுக்கம் அறிவின் மெய்ம்மையை எவ்வளவு தூரம் தீர்மானிக்கின்றது என்பதையும் சிந்திக்க அது நம்மைத் தூண்டுகின்றது. அச்சிந்தனையை ஒரு குறித்த துறையின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அணுக்களின் நிறமாலையை ஆய்வுகூடத்தில் அளந்து வானியலுக்கு வழங்கும் துறையே அது.

பிரெஞ்சு மெய்யியலாளர் ஒகுஸ்ட் கொம்ட் 1835 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில், விண்மீன்களின் தொலைவையும் பருமனையும் இயக்கத்தையும் மனிதன் அறியக்கூடும். ஆனால் அவை எப்பொருளால் ஆனவை என்பதை அவன் ஒருபோதும் அறிய இயலாது என்னும் கருத்தை வலியுறுத்தினார். அன்றைய நிலையில் இது நியாயமான கூற்றே. ஒரு பொருளின் கூறுகளை அறிய வேண்டுமாயின் அதனைக் கையில் எடுத்து, உருக்கி, கரைத்து, பகுத்துப் பார்த்தல் வேண்டும். விண்மீனை யார் கையில் எடுப்பார்? ஆயினும் கால் நூற்றாண்டு கழியுமுன்னரே, 1859 ஆம் ஆண்டில், ஜேர்மனியின் ஹைடெல்பேர்க் நகரில் கிர்க்கொவ், புன்சன் என்னும் இருவர் அக்கூற்றைப் பொய்ப்பித்தனர். சூடேறிய ஆவியிலுள்ள ஒவ்வொரு மூலகமும் தனக்கேயுரிய சில அலைநீளங்களில் மட்டுமே ஒளியை வெளியிடுகின்றது. குளிர்ந்த நிலையில் அதே அலைநீளங்களில் ஒளியை உறிஞ்சுகின்றது. அரியத்தின் ஊடாகச் சூரிய ஒளியைப் பிரிக்கும்போது தோன்றும் கருங்கோடுகள் இவ்வுறிஞ்சலின் அடையாளங்களே. அடுப்பில் உப்பு சிந்தினால் சுடர் மஞ்சளாக எரிவதை எவரும் கண்டிருப்பர். அந்த மஞ்சளும் சூரிய நிறமாலையிலுள்ள இரு கருங்கோடுகளும் சோடியம் என்னும் ஒரே மூலகத்தின் கையொப்பங்களாம்.

இக்கண்டுபிடிப்பைப் பாராட்டுவோர் அதனுள் மறைந்துகிடக்கும் கருதுகோளைப் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. நிந்தவூரிலே கொல்லன் உலையில் காய்ச்சும் இரும்பும், பல நூறு ஒளியாண்டுத் தொலைவிலுள்ள விண்மீனின் இரும்பும் ஒரே தன்மையன என்று நாம் கொள்கின்றோம். அவ்வாறு கொள்ளாவிடின் அருகிலுள்ளதை அளந்து தொலைவிலுள்ளதை அறிய வழியில்லை. எனவே விண்மீனைப் பற்றிய நம் அறிவு காண்டலும் கருதலும் கலந்தது. ஆனால் அதனோடும் அது முடிவதில்லை. தொலைநோக்கியின் முன் அமரும் வானியலாளர் தாம் காணும் ஆயிரக்கணக்கான கோடுகளைத் தாமே ஆய்வுகூடத்தில் அளந்தவர் அல்லர். வேறொருவர், வேறொரு நாட்டில், பல ஆண்டுகளுக்கு முன் அளந்து அட்டவணைப்படுத்திய எண்களை நம்பியே அவர் தமது முடிவைக் கூறுகின்றார். ஆகவே மூன்றாவது அளவையாகிய உரையும் அங்கே வந்து சேர்கின்றது. விண்மீன் இன்ன பொருளால் ஆனது என்னும் ஒவ்வொரு கூற்றுக்கும் அடியில், முகமறியாத ஓர் அளப்போனின் சாட்சியம் இருக்கின்றது. அச்சாட்சியம் பிழைபட்டால் விண்மீனும் பிழைபடும்.

இதனை விளக்க வரலாற்றிலிருந்து மூன்று மூலகங்களின் கதையை எடுத்துக்கொள்ளலாம். 1868 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18 ஆம் திகதி முழுச் சூரிய கிரகணம் இந்தியாவின் ஊடாகச் சென்றது. ஆந்திரக் கரையிலுள்ள குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் பொக்சனும் சூரிய விளிம்பிலிருந்து எழும் சுவாலைகளின் நிறமாலையை ஆராய்ந்தனர். அந்நிறமாலையில் சோடியத்தின் இரட்டைக் கோடுகளுக்கு அண்மையில் ஒரு மஞ்சட்கோடு தென்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் இங்கிலாந்தின் நோர்மன் லொக்கியர் கிரகணமின்றியே அக்கோட்டைக் கண்டார். அது சோடியத்தின் கோடன்று என்பது பின்னர் தெளிவாயிற்று. சோடியத்தின் கோடுகள் 589.0, 589.6 நனோமீற்றரில் உள்ளன. புதிய கோடோ 587.6 நனோமீற்றரில் உள்ளது. பூமியில் எவரும் அறியாத மூலகம் ஒன்று சூரியனில் உண்டு என்று கருதி, சூரியனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடியாக அதற்கு ஈலியம் எனப் பெயரிட்டனர். 1895 ஆம் ஆண்டில் இலண்டனில் வில்லியம் ராம்சே யுரேனியம் செறிந்த ஒரு கனிமத்திலிருந்து வெளிப்பட்ட வாயுவில் அதே மஞ்சட்கோட்டைக் கண்ட பின்னரே ஈலியம் ஐயத்திற்கு இடமின்றி மூலகங்களின் வரிசையில் சேர்ந்தது.

இரண்டாவது கதை இதற்கு மாறானது. 1864 ஆம் ஆண்டில் வில்லியம் ஹக்கின்ஸ் விண்முகில் ஒன்றின் ஒளியைப் பிரித்தபோது, 500.7 நனோமீற்றர் அளவில், எம்மூலகத்திற்கும் பொருந்தாத பச்சைக் கோடு ஒன்று தோன்றிற்று. அதனையும் ஒரு புதிய மூலகத்தின் அடையாளமாகக் கொண்டு ‘நெபுலியம்’ என்றனர். மூன்றாவது, சூரியனின் ஒளிவளையத்தில் 1869 ஆம் ஆண்டுக் கிரகணத்தின்போது அமெரிக்காவில் காணப்பட்ட 530.3 நனோமீற்றர்ப் பச்சைக் கோடு. 1871 ஆம் ஆண்டு டிசம்பர் 12 ஆம் திகதி தென்னிந்தியாவையும் நமது யாழ்ப்பாணத்தையும் திருகோணமலையையும் கடந்துசென்ற கிரகணத்தின்போதும் அவதானிகள் அக்கோட்டைத் தேடிக் கண்டனர். அதற்கு உரியதெனக் கருதிய மூலகத்திற்குக் ‘கொரோனியம்’ எனப் பெயரிட்டனர். இவ்விரு மூலகங்களும் அறுபது, எழுபது ஆண்டுக்காலம் நூல்களில் வாழ்ந்தன. 1927 ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஐரா போவன், நெபுலியத்தின் கோடுகள் இரண்டு இலத்திரன்களை இழந்த ஒட்சிசனுக்கு உரியவை என்று காட்டினார். 1940 களின் தொடக்கத்தில் சுவீடனைச் சேர்ந்த பெங்ற் எட்லேன், கொரோனியத்தின் பச்சைக் கோடு பதின்மூன்று இலத்திரன்களை இழந்த இரும்பின் கோடே என்று நிறுவினார். அவ்வளவு இலத்திரன்களை இரும்பு இழக்கவேண்டுமாயின் ஒளிவளையத்தின் வெப்பநிலை பத்து இலட்சம் பாகையை எட்டவேண்டும் என்ற வியப்பான செய்தியும் உடன் வெளிப்பட்டது.

கவனிக்கவேண்டியது யாதெனில், போவனும் எட்லேனும் புதிதாக வானை நோக்கி இம்முடிவை அடையவில்லை என்பதே. ஆய்வுகூடத்தில் ஒட்சிசனையும் இரும்பையும் ஒத்த அயன்களையும் மின்பொறியால் எழுப்பி, அவற்றின் சத்திமட்டங்களைப் பொறுமையுடன் அளந்து, அம்மட்டங்களின் இடைவெளியிலிருந்து கோடுகளின் இடத்தைக் கணித்தே அவர்கள் இவ்வுண்மைக்கு வந்தனர். ஈலியத்தையும் நெபுலியத்தையும் பக்கத்தில் வைத்து நோக்கினால் ஓர் ஆழமான பாடம் கிடைக்கின்றது. இரண்டும் அறியாத ஒரு கோட்டின் மீது எழுந்த ஊகங்களே. இரண்டின் தருக்கமும் ஒன்றே. இரண்டையும் கூறியோரின் அறிவாற்றலும் குறைந்ததன்று. ஆயினும் ஒன்று மெய், மற்றது பொய். வானைமட்டும் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு இவ்விரண்டையும் வேறுபடுத்தும் வழி கிடையாது. மண்ணில் அளந்த அளவே அவ்வேறுபாட்டைக் காட்டிற்று. அறியாமைக்குப் பெயர் சூட்டிவிட்டு அதனை அறிவென்று எண்ணுவது மனித இயல்பு. அந்த இயல்புக்கு எதிராக நிற்பது அளவை.

கோடு எங்கே உள்ளது என்பது ஒரு வினா. அது எவ்வளவு வலிமையுடையது என்பது இன்னொரு வினா. முதல் வினாவின் விடை, விண்மீனில் எம்மூலகம் உண்டு என்று கூறும். இரண்டாவதன் விடை, அது எவ்வளவு உண்டு என்று கூறும். ஆனால் ஒரு கோடு கருமையாகத் தோன்றுவதற்குக் காரணம் அம்மூலகம் மிகுதியாக இருப்பதாகவும் இருக்கலாம். அவ்வணு இயல்பாகவே அந்த அலைநீளத்தை விரைந்து உறிஞ்சுவதாகவும் இருக்கலாம். ஒவ்வொரு கோட்டின் இயல்பான வலிமையையும் ஆய்வுகூடத்தில் தனியே அளந்தாலன்றி இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது. இந்த அளவீடு அலைநீளத்தை அளப்பதிலும் பன்மடங்கு கடினமானது. 1962 ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய நியமப் பணியகத்தைச் சேர்ந்த கோர்லிஸ், பொஸ்மன் ஆகியோர் எழுபது மூலகங்களின் ஏறத்தாழ 25,000 கோடுகளுக்கு இவ்வலிமையைக் கணித்து ஒரு பெருநூலாக வெளியிட்டனர். உலகெங்கும் வானியலாளர் அதனைப் பயன்படுத்தினர். அத்தகைய உழைப்பைக் குறைகூற எவருக்கும் மனம் வராது.

ஆயினும் அக்காலத்தில் ஒரு முரண்பாடு தோன்றிற்று. சூரிய மேற்பரப்பின் நிறமாலையிலிருந்து கணித்தபோது, ஐதரசன் அணு பத்து இலட்சத்திற்கு இரும்பணு ஏறத்தாழ நான்கே எனக் கிடைத்தது. சூரியனோடு ஒரே முகிலிலிருந்து பிறந்தவையாகக் கருதப்படும் விண்கற்களை இரசாயன முறையிற் பகுத்தபோதோ, அதைப்போல் பல மடங்கு இரும்பு கிடைத்தது. ஒளிவளையத்தின் கோடுகளும் மிகுந்த இரும்பையே காட்டின. சூரியனில் குறைந்த இரும்பு விண்கற்களில் எவ்வாறு மிகுந்தது என்பதற்கு விளக்கங்கள் தேடப்பட்டன. 1969 ஆம் ஆண்டளவில் ஜேர்மனியின் கீல் பல்கலைக்கழகத்தில் கார்ஸ், கொக் ஆகியோர் நிலையான மின்வில்லைப் பயன்படுத்தி இரும்பின் கோடுகளை மீண்டும் அளந்தனர். கிளர்ச்சியுற்ற அணு எவ்வளவு நேரம் வாழ்கின்றது என்பதை நேரடியாக அளக்கும் வேறொரு முறையும் அமெரிக்காவிற் கையாளப்பட்டது. இரண்டும் ஒரே முடிவைத் தந்தன. பழைய அட்டவணைகளிற் பல இரும்புக் கோடுகளின் வலிமை முறைசார்ந்த வழுவினால் மிகைப்பட்டிருந்தது. அவற்றைத் திருத்தியதும் சூரியனின் இரும்பு பத்து இலட்சத்திற்கு ஏறத்தாழ முப்பது என உயர்ந்து விண்கற்களோடு ஒத்துநின்றது. சூரியனில் ஒரு மாற்றமும் நிகழவில்லை. பூமியில் ஒரு மேசையின் மீதிருந்த கருவியே திருந்திற்று.

வழு இருவகைப்படும் என்பதை விஞ்ஞான மாணவர் அறிவர். கைநடுக்கத்தாலும் கண்மயக்கத்தாலும் சிலவேளை கூடியும் சிலவேளை குறைந்தும் நேரும் வழு ஒன்று. பல தடவை அளந்து சராசரி கண்டால் அது தேயும். கருவியோ முறையோ ஒரே பக்கம் சாய்ந்திருப்பதால் நேரும் வழு மற்றொன்று; ஆயிரம் தடவை அளந்தாலும் அது தேயாது. மேலும் மேலும் உறுதிப்பட்டது போலத் தோன்றும். இரும்பின் கதையில் நேர்ந்தது இரண்டாம் வகை. அதிலே எவரும் பொய்யுரைக்கவில்லை. ஆகவே நேர்மை என்பது பொய் கூறாமை மட்டுமன்று என்று அறிகின்றோம். தன் கருவியைத் தானே ஐயுறுதலும், தன் எண்ணின் பக்கத்தில் அதன் ஐயத்தின் அளவையும் எழுதி வைத்தலும், வேறொருவர் வேறொரு முறையால் தன்னைச் சோதிக்க இடமளித்தலும் நேர்மையின் கூறுகளே. ஒழுக்கவியலார் வாய்மையைப் பற்றிப் பேசும்போது சொல்லுக்கும் எண்ணத்திற்கும் உள்ள பொருத்தத்தையே பெரிதும் கருதினர். அளப்போனுக்கு உரிய வாய்மை அதனிலும் கடுமையானது. அவன் சொல் தன் எண்ணத்தோடு பொருந்தினால் மட்டும் போதாது. பொருளோடும் பொருந்த வேண்டும்.

தமிழ்நாட்டின் பழனி மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,340 மீற்றர் உயரத்தில், கொடைக்கானல் வானாய்வகம் 1899 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. 1907 ஆம் ஆண்டில் அங்கு வந்த ஜோன் எவர்ஷெட், 1909 ஆம் ஆண்டு ஜனவரியில் சூரியப் புள்ளிகளின் ஓரங்களில் கோடுகள் சிறிதளவு பெயர்ந்திருப்பதைக் கண்டு, அங்கே வாயு புள்ளியின் நடுவிலிருந்து வெளிநோக்கிப் பாய்கின்றது என்று காட்டினார். இன்றும் அந்நிகழ்வு அவர் பெயரால் வழங்குகின்றது. 1911 ஆம் ஆண்டில் தோமஸ் றொய்ட்ஸ் அவருடன் வந்து சேர்ந்தார். அல்பாத் துணிக்கை என்பது ஈலியமே என்பதை நிறமாலையைக்கொண்டு றதபோட்டுடன் சேர்ந்து நிறுவியவர் இந்த றொய்ட்ஸ். ஒருகாலத்தில் சூரியனில் மட்டும் அறியப்பட்ட ஈலியத்தைக் கண்ணாடிக் குழாய்க்குள் பிடித்துக் காட்டிய கரம், பின்னர் தமிழகத்து மலையொன்றிலிருந்து சூரியனை அளக்க வந்தது.

அவர்கள் மேற்கொண்ட பணிகளுள் ஒன்று, சூரிய நிறமாலையிலுள்ள இரும்பின் கோடுகளை, ஆய்வுகூடத்தில் இரும்பு மின்வில் தரும் கோடுகளுடன் ஒப்பிடுதல். சூரியக் கோடுகள் சிறிது சிவப்பின் பக்கம் பெயர்ந்திருந்தன. சூரிய வளிமண்டலத்தின் அமுக்கமே அதற்குக் காரணம் என்ற பொதுக்கருத்தை எவர்ஷெட் மறுத்தார். இதற்கிடையில் 1911 ஆம் ஆண்டில் ஐன்ஸ்டீன், சூரியனின் ஈர்ப்பினால் அதன் ஒளி அலைநீளத்திற் பத்து இலட்சத்தில் இரண்டு பங்கு அளவுக்குச் சிவப்பின் பக்கம் பெயரவேண்டும் என்று எடுத்துரைத்தார். பச்சை ஒளியில் அது ஏறத்தாழ ஒரு நனோமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. இத்துணை நுண்ணிய பெயர்ச்சியைச் சூரியனிற் காணவேண்டுமாயின், ஒப்பிடுவதற்கு வைத்த பூமியின் கோடு அதனிலும் நிலையானதாக இருத்தல் வேண்டும். ஆனால் மின்வில்லின் முனைக்கு அருகிலிருந்து வரும் ஒளியில் சில கோடுகள் தாமாகவே இடம்பெயர்வது அக்காலத்தில் வெளிப்பட்டது. றொய்ட்ஸ் இத்தகைய பெயர்ச்சிகளை விரிவாக ஆராய்ந்தார். அளவுகோலே அசைந்துகொண்டிருக்கையில் எதனைக்கொண்டு எதனை அளப்பது? மின்வில்லின் நீளத்தையும் மின்னோட்டத்தையும் வரையறுத்து, நடுப்பகுதியின் ஒளியை மட்டுமே ஏற்பது என்னும் விதிகள் உலகளாவிய உடன்பாட்டினால் ஏற்பட்டமைக்கு இத்தகைய இடர்ப்பாடுகளே காரணம்.

இங்கே ஓர் அறவினாவும் எழுகின்றது. அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் சார்ல்ஸ் செயின்ட் ஜோன் 1917 ஆம் ஆண்டில் தமது அளவீடுகளை வெளியிட்டபோது ஐன்ஸ்டீன் கூறிய பெயர்ச்சியைத் தாம் காணவில்லை என்றே எழுதினார். 1919 ஆம் ஆண்டுக் கிரகணத்தின்போது ஒளி வளைவது உறுதிப்பட்டு ஐன்ஸ்டீனின் புகழ் உலகெங்கும் பரவிற்று. 1923 ஆம் ஆண்டளவில் செயின்ட் ஜோனும் எவர்ஷெட்டும் அப்பெயர்ச்சி உண்டென்று ஏற்றனர். இம்மாற்றம் அளவீட்டினால் நேர்ந்ததா, புகழின் அழுத்தத்தினால் நேர்ந்ததா என்று வரலாற்றாசிரியர் சிலர் ஐயுற்றுள்ளனர். அவ்விருவரின் உள்ளத்தை நாம் தீர்ப்பிட வேண்டியதில்லை. ஐன்ஸ்டீனின் கூற்று மெய்யென்பது பின்னாளைய நுண்ணிய அளவீடுகளால் உறுதிப்பட்டுவிட்டது. ஆனால் வினா அதனால் மறைந்துவிடுவதில்லை. முடிவு மெய்யாயிருப்பதும், அம்முடிவை அடைந்த வழி நேர்மையாயிருப்பதும் வெவ்வேறு. விடை முன்கூட்டியே தெரிந்தபின் அளப்பவன், தன் கண்ணை எவ்வளவு நம்பலாம்?

இவ்வினா பெரியோருக்கு மட்டும் உரியதன்று. உயர்தர வகுப்பிலும் பல்கலைக்கழகத்திலும் பௌதிகவியல் பயின்ற ஒவ்வொருவரும் சோடிய விளக்கின் முன் திருசியமானியை வைத்து, கோணல் நெய்யரியின் ஊடாக மஞ்சட்கோட்டின் அலைநீளத்தைக் கண்டிருப்பர். சரியான விடை 589.3 என்பது முன்னரே தெரியும். ஒருவருக்கு 597 கிடைக்கின்றது என்று கொள்வோம். கோணத்தை ஒரு பாகையின் சிறு கூறளவு மாற்றி எழுதினால் விடை சீராகிவிடும், புள்ளியும் கிடைக்கும். இதிலே யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். சோடியத்தின் அலைநீளம் மாறிவிடப் போவதில்லை என்பது உண்மையே. நட்டம் வேறிடத்தில் உள்ளது. 597 என்ற எண் அம்மாணவனுக்கு ஒரு செய்தி கூறிற்று. நெய்யரி செங்குத்தாக அமையவில்லை என்றோ, மேசை மட்டமாக இல்லை என்றோ, பூச்சிய வாசிப்புத் தவறென்றோ அது கூறிற்று. எண்ணை வளைத்தவன் அச்செய்தியை வாயடைத்துவிட்டான். தன் வழுவின் காரணத்தைத் தேடும் வாய்ப்பை இழந்தவன், நாளை விடை முன்கூட்டியே தெரியாத ஓரிடத்தில், நோயாளியின் குருதியை அளக்கும்போதோ, பாலத்தின் தூணை அளக்கும்போதோ, எதனை எதனோடு பொருத்துவான்? அன்றியும், விடையை மட்டும் பார்த்துப் புள்ளியிடும் ஆசிரியரும் இக்குற்றத்திற்பங்குகொள்கின்றார். 597 என்று நேர்மையாக எழுதி, அதன் வழுவையும் காரணத்தையும் ஆராய்ந்த மாணவனுக்கு மிகுந்த புள்ளி வழங்கும் துணிவு நம் கல்வி முறைக்கு வரவேண்டும்.

அளவின் நேர்மை நம் மண்ணுக்குப் புதிய பொருளன்று. நிந்தவூருக்கு மேற்கே விரிந்துகிடக்கும் வயல்களில், இயந்திரங்கள் வருமுன், களவெட்டியில் சூடு மிதித்துத் தூற்றிய நெல்லை மரைக்காலால் அளந்தே போடிமாருக்கும் வயற்காரருக்கும் பங்கு பிரித்தனர். மரைக்காலைக் குவித்து அளப்பதா, தலைதட்டி அளப்பதா என்பது ஒரு குடும்பத்தின் ஆண்டுச் சோற்றைத் தீர்மானிக்கும் வினாவாயிருந்தது. அளவில் மோசம் செய்வோரின் பெயரையே ஓர் அத்தியாயத்தின் பெயராகக் கொண்ட வேதத்தை ஓதும் மக்கள் வாழும் ஊர் இது. 1121 ஆம் ஆண்டில் அல்-காஸினி, பொருள்களின் அடர்த்தியை அறிவதற்குரிய நுண்ணிய தராசை விளக்கி எழுதிய நூலுக்கு ‘ஞானத்தின் தராசு’ என்று பெயரிட்டமையும் ஈண்டு நினைக்கத்தக்கது. சந்தையின் தராசும் அறிஞனின் தராசும் அவருக்கு இரு வேறு பொருள்களாகத் தோன்றவில்லை. இரண்டிலும் தட்டு நேராக நிற்கவேண்டும் என்பதே நியதி.

ஆயினும் சந்தையின் அளவுக்கும் ஆய்வுகூடத்தின் அளவுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. சந்தையிலே வாங்குவோன் எதிரில் நிற்கின்றான். குறைத்து அளந்தால் அவன் கேட்பான். அணுவின் கோட்டை அளப்பவனுக்கு எதிரில் எவரும் இல்லை. அவன் எண்ணைப் பயன்படுத்துவோர் இன்னும் பிறக்காதவராகவும் இருக்கலாம். தெக்னீசியம் என்னும் மூலகம் 1937 ஆம் ஆண்டில் செயற்கையாகவே கிடைத்தது. அதன் மிக நீண்ட வாழ்வுடைய வகையும் சில மில்லியன் ஆண்டுகளில் பாதியாகக் குறைந்துவிடும். 1950 ஆம் ஆண்டளவில் அமெரிக்க நியமப் பணியகத்தின் வில்லியம் மெகர்ஸ் அதன் நிறமாலையை அளந்தார். இயற்கையிற் காணக்கிடையாத பொருளின் கோடுகளை அளப்பதால் என்ன பயன் என்று அன்று எவரேனும் கேட்டிருந்தால் விடை கூறுவது எளிதன்று. ஆனால் 1952 ஆம் ஆண்டில் போல் மெரில் சில செந்நிற விண்மீன்களின் ஒளியில் அதே கோடுகளைக் கண்டார். பல கோடி ஆண்டு வயதுடைய விண்மீனில் அத்துணை விரைவில் அழியும் மூலகம் இருக்கவேண்டுமாயின், அது அண்மையில் அவ்விண்மீனிலேயே உண்டாகியிருத்தல் வேண்டும். மூலகங்கள் விண்மீன்களின் உள்ளே சமைக்கப்படுகின்றன என்னும் உண்மைக்கு நேரடிச் சான்று இவ்வாறே கிடைத்தது. மெகர்ஸ் ஒப்படைத்ததை மெரில் பெற்றுக்கொண்டார். எம்மவர் வழக்கில் ‘அமானிதம்’ என்று ஒரு சொல் உண்டு. உரியவர் வந்து கேட்கும்வரை குறைவின்றிக் காக்கவேண்டிய ஒப்படைப்பு அது. ஆய்வுகூட அளவீட்டை விளக்க இதனிலும் பொருத்தமான சொல் இல்லை.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். போரையும் 2004 ஆம் ஆண்டுக் கடற்கோளையும் கண்ட கரையிலே, வயலுக்கு நீரும் இளைஞருக்கு வேலையும் தேடும் மக்களிடையே, விண்மீனின் இரும்பை அளப்பதைப் பற்றிப் பேசுவது பொருந்துமா? இத்தடையை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. பசித்தோன் முன் வானியல் பேசுவது கொடுமை. ஆனால் அறிவுத்துறைகளை உடனடிப் பயனால் மட்டும் எடைபோடுவோமாயின், நாம் என்றும் பிறர் அளந்த எண்களை வாங்கிப் பயன்படுத்துவோராகவே இருப்போம். அவ்வெண்கள் சரியா என்று கேட்கும் தகுதியும் நமக்கு வராது. மேலும் இத்துறை பெருந்தொலைநோக்கி வேண்டும் துறையன்று. பெருங்கருவிகள் வளரவளர, பொறுமையான சிறு அளவீடுகளின் தேவையும் வளர்கின்றது. 2017 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17 ஆம் திகதி இரு நியூத்திரன் விண்மீன்கள் மோதிய நிகழ்வு அவதானிக்கப்பட்டது. அதன் ஒளியில் 2019 ஆம் ஆண்டில் ஸ்ரொன்சியத்தை அடையாளம் கண்டனர். ஆனால் அத்தகைய மோதல்களில் உண்டாகும் பாரமான மூலகங்கள் பலவற்றின் கோடுகள், குறிப்பாகச் செந்நிறத்துக்கு அப்பாற்பட்ட அலைநீளங்களில், இன்னும் முழுமையாக அளக்கப்படவில்லை. கோடிக்கணக்கில் செலவிட்டு அனுப்பிய விண்தொலைநோக்கி கொண்டுவரும் செய்தியை வாசிக்க, மேசைமீது அமைந்த கருவியொன்று அளந்து தரவேண்டிய எண் காத்திருக்கின்றது. அவ்வெண்ணை அளப்பதற்கு வேண்டியவை பயிற்சியும் பொறுமையும் நேர்மையும் ஆம். இவற்றுள் எதுவும் செல்வந்த நாடுகளின் தனியுடைமை அன்று.

இத்துறையின் இன்னொரு பண்பு புகழின்மை. ஜான்சன், லொக்கியர், ஐன்ஸ்டீன் ஆகியோரின் பெயர்கள் பாடநூல்களில் உள்ளன. சாலட் மூர் சிற்றர்லி என்னும் பெண்மணியின் பெயரை எத்தனை பேர் அறிவர்? 1945 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கோட்டு அட்டவணையும், 1949 முதல் 1958 வரை மூன்று தொகுதிகளாக வந்த அணுச் சத்திமட்டங்களின் தொகுப்பும் பல தலைமுறை வானியலாளரின் மேசைகளில் இருந்தன. அவற்றிலே அவருடைய கருத்து என்று ஒரு வரியும் முன்னிற்பதில்லை; எண்களே உள்ளன. கொடைக்கானலிலும் நாள்தோறும் தட்டுகளை அளந்து எழுதிய உதவியாளர் பலரின் உழைப்பு அறிக்கைகளின் பின்னே மறைந்துள்ளது. தன் பெயரைப் பிறர் மறந்தபின்னும் தன் எண்ணை நம்புவர் என்பதே இத்தகையோர் பெற்ற கூலி. அக்கூலி சிறிதா பெரிதா என்பது, ஒருவர் உண்மையை எதற்காகத் தேடுகின்றார் என்பதைப் பொறுத்தது.

அறிவின் வாயிலையும் அளக்கும் கருவியையும் ஒரே சொல்லால் சுட்டிய மொழி நம்முடையது. கொம்டின் கூற்றுப் பொய்யானது, மனிதன் விண்மீனைச் சென்றடைந்ததால் அன்று. கைக்கெட்டிய பொருளை அவன் செம்மையாக அளந்ததால். அளவை செம்மையாயிருக்கும் வரையிலேயே அவ்வெற்றியும் செல்லும். ஆகவே, ஆய்வுகூடக் குறிப்பேட்டில் மாணவன் எழுதும் முதல் எண்ணிலிருந்தே அவனிடம் ஒன்றை நாம் கேட்கவேண்டும். நீ கண்டது இதுவா, காணவேண்டும் என்று விரும்பியது இதுவா? இவ்வினாவைத் தன்னிடம் கேட்கப் பழகியவன் அணுவை அளந்தாலும் நெல்லை அளந்தாலும் மனிதரை அளந்தாலும் அவனை நம்பலாம்.